கொலைகளை வைத்துச் சிரிப்புப் படம் எடுக்கலாமா? பலெர்மோ பையன் ஆர்தூரோ பற்றி

கேள்வி, மே 11

“மாஃபியா கோடையில் மட்டும்தான் கொல்லும்” என்ற இத்தாலியப் படத்தைப் பிள்ளைகளோடு பார்க்கச் சொன்னார்கள். அரை மணி நேரத்தில் நிறுத்திவிட்டேன். உண்மையாகவே கொல்லப்பட்ட நீதிபதிகளையும் பொலிஸ்காரர்களையும் வைத்து நகைச்சுவை செய்வது எப்படிச் சரி? அவர்களின் பிள்ளைகள் இன்னும் அந்த ஊரில் இருப்பார்கள்தானே?

மே 11, இரவு

இருக்கிறார்கள் தம்பி. நானும் அந்த ஊரில்தான் இருக்கிறேன், இருபது வருடத்துக்கும் மேலாக. என் பிள்ளைகள் இரண்டு பேரும் இந்தச் சிசிலித் தீவின் பலெர்மோவில் பிறந்தவர்கள். இந்தப் படத்தை மகனுக்குப் பள்ளிக்கூடத்திலேயே போட்டுக் காட்டினார்கள். அதற்குப் பிறகுதான் நான் பார்த்தேன்.

நீங்கள் நிறுத்திய அரை மணிக்குள் யாரைப் பார்த்துச் சிரித்தீர்கள் என்று ஒருமுறை யோசியுங்கள். செத்தவர்களைப் பார்த்து இல்லை. பொலிஸ் அதிகாரி பொரிஸ் ஜூலியானோ அந்தப் படத்தில் கதை நாயகனான சின்னப் பையன் ஆர்தூரோவுக்கு இரீஸ் வாங்கிக் கொடுக்கிற நல்ல மனிதர், அவ்வளவுதான். அவரைக் கேலி செய்யும் காட்சி ஒன்றுகூட இல்லை. சிரிப்பு முழுவதும் சுற்றியிருக்கும் பெரியவர்கள் மேல் விழுகிறது. பக்கத்துத் தெருவில் ஆள் விழுந்து கிடக்கும்போது “பொம்பிளை விசயமாம்” என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டு மேசைக்குத் திரும்புகிறவர்கள்.

மே 12

ஆண்டு கேட்டவருக்கு: 2013 நவம்பரில் வந்த படம். இயக்கியவர் பியெர்ஃபிரான்செஸ்கோ திலிபெர்தோ, இங்கே எல்லாருக்கும் பிஃப். 1972இல் பலெர்மோவில் பிறந்தவர், தொலைக்காட்சியில் பெயர் எடுத்தவர். இது அவருடைய முதல் படம். பெரிய ஆர்தூரோவாக நடிப்பதும் பின்னணியில் கதை சொல்வதும் அவரே. அடுத்த ஆண்டு ஐரோப்பியத் திரைப்பட விருதுகளில் சிறந்த நகைச்சுவைப் படம் இதுதான்.

தொடக்கத்தை மறந்திருந்தால் சொல்கிறேன். 1969 டிசம்பர் 10, லாத்சியோ சாலையில் பொலிஸ் உடுப்புப் போட்ட கொலையாளிகள் வந்து சுட்ட இரவு. அதே கட்டடத்தில் மேலே ஆர்தூரோவின் அப்பா அம்மாவுக்கு முதலிரவு. அந்தத் துப்பாக்கிச் சத்தத்துக்குள்தான் ஆர்தூரோ கருவாகிறான். பிறகு அவன் பேசும் முதல் சொல் “மாஃபியா”. வீட்டில் யாரும் வாயில் எடுக்காத சொல் அது.

மே 14

தலைப்பைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார், அது உண்மையா என்று.

படத்தில் பையன் பயந்துபோய், மாஃபியா எங்களையும் கொல்லுமா என்று அப்பாவிடம் கேட்கிறான். இப்போது குளிர்காலம்தானே, அவர்கள் கோடையில் மட்டும்தான் கொல்வார்கள் என்று அப்பா சமாதானம் சொல்கிறார். பலெர்மோவில் கோடைக்காலக் கொலைப் பட்டியல் நீளமானதுதான். பொரிஸ் ஜூலியானோ 1979 ஜூலை 21. அரசு வழக்கறிஞர் கயெத்தானோ கோஸ்தா 1980 ஆகஸ்ட் 6. மாஃபியாவை ஒடுக்க அனுப்பப்பட்ட ஜெனரல் தல்லா கியேசா 1982 செப்டம்பர் 3. நீதிபதி றொக்கோ கின்னீச்சி 1983 ஜூலை 29. 1985இல் பொலிஸ் அதிகாரிகள் மொந்தானா ஜூலை 28, கஸ்ஸரா ஆகஸ்ட் 6. நீதிபதி பொர்செல்லீனோ 1992 ஜூலை 19. இதைப் பார்த்தால் அப்பா சொன்னது சரி என்றே தோன்றும்.

ஆனால் சிசிலிப் பிராந்திய அரசின் தலைவராக இருந்த பியெர்சாந்தி மத்தரெல்லாவைச் சுட்டது 1980 ஜனவரி 6 அன்று, குடும்பத்தோடு பூசைக்குப் புறப்பட்டபோது. அவருடைய தம்பி செர்ஜோ மத்தரெல்லாதான் இன்றைய இத்தாலிய ஜனாதிபதி. பத்திரிகையாளர் மாரியோ பிரான்செஸே 1979 ஜனவரி 26. அரசியல்வாதி பியோ லா தோரே 1982 ஏப்ரல் 30. நடுக்குளிரிலும் கொன்றிருக்கிறார்கள், வசந்தத்திலும் கொன்றிருக்கிறார்கள். அந்த அப்பா வங்கியில் வேலை பார்க்கிறவர், பேப்பர் படிக்கிறவர், அவருக்கு இது தெரியாமல் இருக்காது. தெரிந்துகொண்டு சொல்கிறார். பிள்ளை இரவில் நித்திரை கொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்கிறார். அவரைக் கெட்டவராக்க இயக்குநருக்கு மனமில்லை. எனக்கு இந்தப் படத்தில் மிகவும் பிடித்தது அதுதான்.

மே 14, பிறகு

இரீஸ் என்றால் என்ன என்று இரண்டு பேர் கேட்டுவிட்டீர்கள். ரிக்கோத்தாப் பாலாடையும் சொக்லேட் துண்டுகளும் உள்ளே வைத்துப் பொரித்த பன். காலையில் சூடாகச் சாப்பிட வேண்டும். பொரிஸ் ஜூலியானோவைச் சுட்டதும் காலையில், வீட்டுக்குக் கிட்ட இருந்த கோப்பிக் கடையில்தான்.

மே 16

“ரீனாவைக் கோமாளியாகக் காட்டினால் பிள்ளைகளுக்குப் பயம் போய்விடும், பிறகு அவனை ரசிக்க ஆரம்பித்துவிடுவார்கள்” என்று எழுதியிருக்கிறீர்கள். மாஃபியாத் தலைவன் தொத்தோ ரீனா ஏசியின் ரிமோட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் முழிக்கும் காட்சியைத்தான் சொல்கிறீர்கள்.

என் எண்ணம் இதற்கு நேர் எதிர். மாஃபியாவை ரசிக்க வைத்த படங்கள் வேறு. கறுப்புக் கோட்டு, மெதுவான பேச்சு, குடும்ப மரியாதை, பின்னணியில் சோக இசை, எல்லாம் சேர்த்து அவர்களை மன்னர்கள் மாதிரிக் காட்டிய படங்கள். என் மகனின் வகுப்பில் அப்படிப் பேசி நடக்கிற பையன்கள் இருந்தார்கள். ஏசியைப் போடத் தெரியாத ரீனாவைப் பார்த்துவிட்டு அப்படி நடக்க யாருக்கும் ஆசை வராது.

இன்னொன்று. சிசிலியில் மாஃபியாவைப் பார்த்துச் சிரிப்பது பிஃப் தொடங்கிய விசயம் இல்லை. பலெர்மோவுக்குப் பக்கத்தில் சீனிசி என்று ஒரு ஊர், விமான நிலையத்துக்குக் கிட்ட. அங்கே பெப்பீனோ இம்பஸ்தாத்தோ என்ற இளைஞர் ஒரு சின்ன வானொலி நடத்தினார். மாஃபியாக் குடும்பத்திலேயே பிறந்தவர். அந்த ஊர்ப் பெரிய தலை பதலமெந்தி அவர்கள் வீட்டிலிருந்து நூறு காலடி தூரத்தில் இருந்தான். பெப்பீனோ அவனுக்குப் பட்டப்பெயர் வைத்து, ஊருக்கும் “மாஃபியாப் பட்டணம்” என்று பெயர் வைத்து, வானொலியில் நாடகம் மாதிரிப் போட்டுச் சிரிக்க வைத்தார். 1978 மே 9 அன்று அவரைக் கொன்று ரயில் தண்டவாளத்தில் குண்டு வைத்துச் சிதறடித்தார்கள். தானே குண்டு வைக்கப் போய்ச் செத்தான் என்று கதை கட்டினார்கள். அன்றைக்கே ரோமில், கடத்தப்பட்டிருந்த முன்னாள் பிரதமர் அல்டோ மோரோவின் உடல் கண்டெடுக்கப்பட்டதால் நாடு இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அவருடைய அம்மா ஃபெலீச்சா வாயை மூடாமல் நின்றார். 2002இல்தான் பதலமெந்திக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

பெப்பீனோவைப் பற்றி 2000இல் வந்த படத்தில் பிஃப் உதவி இயக்குநராக வேலை செய்தவர். சிரிப்பு எவ்வளவு ஆபத்தானது என்று அவருக்கு அங்கேயே தெரிந்திருக்கும்.

மே 19

நேற்று இரவு முழுக்க அந்த அப்பாவின் பதிலே மனதில் ஓடியது. எழுதிவிடுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். சின்ன வயதில் ஹெலி வரும் சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓடுவோம். மழை நாளில் ஹெலி வராது என்று அம்மா சொல்லி வைத்திருந்தா. மழை பெய்தால் நாங்கள் நிம்மதியாகப் படுப்போம். மழையிலும் வந்த நாட்கள் உண்டு. அம்மா அதற்கும் ஏதோ ஒரு காரணம் சொல்லியிருப்பா.

படத்தில் அந்த அப்பா வாயைத் திறந்தவுடனே எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த மகன் சிரித்துக்கொண்டிருந்தான். பிறகு ஏன் அழுகிறீர்கள் என்று கேட்டான். அன்றைக்குத்தான் அவனுக்கு ஹெலியைப் பற்றி முதல் தடவையாகச் சொன்னேன். அதுவரை நானும் அவனிடம் ஊரைப் பற்றி மாம்பழம், கடல், கோயில் திருவிழா என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன்.

தம்பி, நீங்கள் பிள்ளைகளை நினைத்துப் படத்தை நிறுத்தினீர்கள். அது எனக்கு விளங்குகிறது. ஆனால் இந்தப் படம் பெரியவர்கள் பிள்ளைகளிடம் என்ன சொல்கிறார்கள் என்பதைப் பற்றிய படம்தான்.

மே 20

அந்த்ரேயோத்தி யார் என்று தெரியாமல் பார்த்தால் பாதி நகைச்சுவை புரியாது. ஏழு தடவை இத்தாலியின் பிரதமர். தொலைக்காட்சியில் அவர் தன் மனைவியிடம் கல்லறைத் தோட்டத்தில் வைத்துக் காதலைச் சொன்னதாகக் கூறுவதைக் கேட்டு, ஆர்தூரோ அவரை வாழ்க்கைக்கே வழிகாட்டியாக எடுத்துக்கொள்கிறான். அறையில் அவர் படத்தை மாட்டுகிறான். மாறுவேட விழாவுக்குக் கூன் முதுகோடு அவராகவே போகிறான். வகுப்பில் படிக்கும் ஃபுளோராவை எப்படிக் கவர்வது என்பதற்கும் அவரிடமே யோசனை தேடுகிறான்.

சிறுவர் பத்திரிகையாளராகத் தேர்வாகி ஜெனரல் தல்லா கியேசாவைப் பேட்டி எடுக்கப் போகிறான் பாருங்கள், அந்தக் காட்சியில் என் நெஞ்சு இறுகிவிட்டது. குற்றங்கள் கட்டுமீறிப் போனது கம்பானியாவிலும் கலாப்ரியாவிலும்தான் என்று அந்த்ரேயோத்தி சொல்கிறாரே, நீங்கள் ஏன் சிசிலிக்கு வந்தீர்கள் என்று வெள்ளை மனதோடு கேட்கிறான். ஒரு குழந்தையால் மட்டும்தான் அதை அப்படிக் கேட்க முடியும். ஜெனரல் பலெர்மோவுக்கு வந்து ஏறக்குறைய நூறு நாட்களில், கரீனி தெருவில், மனைவி எமனுவேலாவோடு சேர்த்துச் சுட்டுக் கொல்லப்பட்டார். காவலர் தொமேனிக்கோ ரூஸோ பிறகு ஆஸ்பத்திரியில் இறந்தார். நேர்மையான பலெர்மோக்காரர்களின் நம்பிக்கை இங்கே செத்தது என்று யாரோ எழுதி அந்த இடத்தில் வைத்தார்கள்.

அந்தச் செப்டம்பர் 3 இரவு, சாந்த ரோசாலியா மாதாவின் திருநாளுக்கு முந்திய இரவு. நகரமே பெல்லெக்ரீனோ மலைக்கு நடந்து ஏறும் இரவு. எங்கள் தமிழ்ச் சனமும் ஏறும், சைவக்காரரும் வேதக்காரரும் வித்தியாசம் இல்லாமல். நான் ஒவ்வொரு வருடமும் ஏறியிருக்கிறேன், அந்தத் தேதியில்தான் ஜெனரலைக் கொன்றார்கள் என்று தெரியாமலே. இப்போது ஏறும்போது அவர்கள் மூன்று பேருக்கும் சேர்த்துத்தான் மெழுகுதிரி வைக்கிறேன்.

மே 23

இன்று கபாச்சி நாள். 1992இல் இதே நாள் விமான நிலையத்திலிருந்து நகருக்கு வரும் நெடுஞ்சாலைக்கு அடியில் குண்டு வைத்து நீதிபதி ஜொவான்னி ஃபல்கோனேயையும் மனைவி பிரான்செஸ்கா மொர்வில்லோவையும் காவலர் மூன்று பேரையும் கொன்றார்கள். அந்தோனியோ மொந்தினாரோ, றொக்கோ திசில்லோ, வீத்தோ ஸ்கிஃபானி. மூன்று பேரின் பெயரையும் சேர்த்தே சொல்ல மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் பழக்கியிருக்கிறார்கள்.

நொத்தர்பார்த்தொலோ தெருவில் ஃபல்கோனேயின் வீட்டுக்கு முன்னால் பெரிய ஆலமர இனத்து மரம் ஒன்று நிற்கிறது. பிள்ளைகள் கடிதம், படம் எல்லாம் அதில் ஒட்டுவார்கள். மாலை 5.58க்கு அங்கே எல்லாரும் பேசாமல் நிற்போம். என் மகள் இன்று முதல் தடவையாக ஒரு படம் கீறிக் கொண்டுபோனாள்.

விமான நிலையத்திலிருந்து யாராவது பலெர்மோவுக்கு வந்தால் கவனியுங்கள். கபாச்சி தாண்டும்போது மலையில் ஒரு சின்ன வெள்ளைக் கட்டடம் தெரியும், பெரிய எழுத்தில் “மாஃபியா வேண்டாம்” என்று இத்தாலிய மொழியில் எழுதியிருக்கும். அங்கிருந்துதான் குண்டை வெடிக்க வைத்தார்கள்.

மே 24

நேற்று நான் எழுதியது படத்தை விட்டு விலகிப் போய்விட்டது என்று ஒருவர். எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஜூன் 2

படத்தின் இரண்டாம் பாதி பலவீனமானது என்று பலரும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. வளர்ந்த ஆர்தூரோ தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் பியானோ வாசிக்கிறான், ஃபுளோரா திரும்பி வருகிறாள், இரண்டு பேரும் எங்கே போனாலும் வரலாறு குறுக்கே வந்து நிற்கிறது. இப்படியே தற்செயல்கள் அடுக்கினால் நம்ப முடியாதுதானே.

இந்த வாரம் மகனோடு மறுபடி பார்த்தேன். இப்போது வேறு மாதிரித் தெரிகிறது. சின்னப் பையனாக எல்லாவற்றையும் கேட்டவன், பெரியவனானதும் சல்வோ லீமாவின் தேர்தல் வேலையில் போய் நிற்கிறான். லீமா யார்? பலெர்மோவின் முன்னாள் மேயர், அந்த்ரேயோத்தியின் சிசிலி ஆள், 1992 மார்ச் 12 அன்று மொந்தெல்லோவில் மாஃபியாவாலேயே சுடப்பட்டவர். நாற்பத்தி இரண்டு நாட்களுக்கு முன்புதான், ஜனவரி 30 அன்று, நூற்றுக்கணக்கான மாஃபியாக்காரர் மேல் நடந்த பெரும் வழக்கின் தண்டனைகளை உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருந்தது. தங்களைக் காப்பாற்றுவார் என்று நம்பியவர் காப்பாற்றாததால் கொன்றார்கள். அந்த மனிதருக்கு வாக்குச் சேர்க்க ஆர்தூரோ போகிறான், காதலியின் பக்கத்தில் நிற்கலாம் என்பதற்காக. அவன் கெட்டவனாகவில்லை. வேலை, காதல், வீட்டு வாடகை என்று கண் மூடப் பழகிவிட்டான், அவனுடைய அப்பாவைப் போலவே. தற்செயல்கள் இன்னும் அதிகம்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பகுதி இல்லாவிட்டால் குற்றம் முழுவதும் முந்திய தலைமுறையின் தலையில் போய்விடும்.

அந்த்ரேயோத்தி வழக்கில் விடுதலையானவர்தானே என்று கேட்டவருக்கு: 2003இல் பலெர்மோ மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது இரண்டு விசயம். 1980 வசந்தம் வரை மாஃபியாவோடு அவருக்கு இருந்த உறவு குற்றம்தான், ஆனால் காலம் கடந்துவிட்டதால் தண்டிக்க முடியாது. அதற்குப் பின்னான காலத்துக்கு விடுதலை. 2004இல் அது உறுதியானது. 2013 மே மாதம் இறந்தார். அதே நவம்பரில் இந்தப் படம் வந்தது.

ஜூன் 3

காவலர்களின் இறுதிச் சடங்குக் காட்சி நடிப்பா என்று கேள்வி. பெரும்பகுதி உண்மையான செய்திப் படம். 1992 ஜூலை, பொர்செல்லீனோவோடு இறந்த ஐந்து காவலர்களுக்குப் பேராலயத்தில் சடங்கு நடந்தபோது சனம் பொலிஸ் வேலியை உடைத்துக்கொண்டு உள்ளே போய் அரசியல்வாதிகளை நெருக்கியது. ஜனாதிபதியைக் கூடக் காவலர்கள் அணைத்துக் காப்பாற்ற வேண்டி வந்தது. அந்தக் கூட்டத்துக்குள்தான் ஆர்தூரோவையும் ஃபுளோராவையும் சேர்த்து வைக்கிறார் பிஃப். இறந்தவர்களில் எமனுவேலா லோய் சார்தீனியாக்காரப் பிள்ளை, 24 வயது.

நான் பராமரித்த ஓர் அம்மா அந்தச் சனத்துக்குள் நின்றவர். தன் வாழ்நாளில் அதற்கு முன் எந்த ஊர்வலத்திலும் நின்றதில்லை என்று சொல்வார். கின்னீச்சியைக் கொன்ற கார்க்குண்டு வெடித்தபோது அவர் வீட்டுக் கண்ணாடிகளும் உடைந்தனவாம். அன்றைக்குக் கண்ணாடித் தூளைக் கூட்டி அள்ளிவிட்டு மத்தியானச் சமையலுக்குப் போனாராம். அந்தக் குண்டில் நீதிபதியும் இரண்டு காவலர்களும் மட்டும் சாகவில்லை, கட்டடக் காவலாளி ஸ்தேஃபனோ லி சாக்கியும் செத்தார். அவரைத் தெரியும், வணக்கம் சொல்வார் என்று அந்த அம்மா அழுதார். இந்தப் படத்தின் டிவிடியை என்னிடம் தந்தது அவருடைய மகள்.

ஜூன் 9

“இதெல்லாம் இத்தாலியர் பிரச்சினை, எங்கள் ஆட்கள் ஒதுங்கி இருப்பதே நல்லது” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இங்கே எங்கள் ஆட்களின் வாயிலும் “எங்களுக்கேன் வம்பு” என்ற பேச்சு நிறைய உண்டு. கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது.

இந்தப் படம் பலெர்மோவில் எடுக்கப்பட்டபோது ஒருவருக்கும் கப்பம் கட்டவில்லை. கப்பத்துக்கு எதிரான அத்தியோபித்ஸோ இயக்கம் கூட நின்றது. அந்த இயக்கம் 2004இல் ஓர் இரவில் நகரம் முழுக்கச் சின்னச் சின்னத் துண்டுகள் ஒட்டித் தொடங்கியது. கப்பம் கட்டும் மக்கள் மானம் இல்லாத மக்கள் என்று அதில் இருந்தது. துணி ஆலை வைத்திருந்த லீபரோ கிராஸி 1991 ஜனவரியில் செய்தித்தாளில் “அன்புள்ள கப்பக்காரரே” என்று திறந்த கடிதம் எழுதி, கட்ட மாட்டேன் என்றார். மற்ற முதலாளிகள் அவரைத் தனியே விட்டார்கள். ஆகஸ்ட் 29 அன்று சுட்டார்கள்.

பிறகு மக்கேதா தெருவில் கப்பம் கேட்டவர்களைப் பொலிஸில் காட்டிக்கொடுத்துச் சாட்சி சொன்ன கடைக்காரர்கள் யார் தெரியுமா? பெரும்பாலும் வங்காளதேசத்திலிருந்து வந்தவர்கள். 2016இல் கைதுகள் நடந்தன. மொழி சரியாகத் தெரியாத, விசாவுக்கு அலைந்த ஆட்கள், இந்த ஊரில் பிறந்த பலர் செய்யாததைச் செய்தார்கள். எங்கள் பிள்ளைகள் இங்கேதான் வளர்கிறார்கள், இங்கேதான் கடை போடப் போகிறார்கள். இது எங்கள் பிரச்சினைதான்.

ஜூன் 15

தொலைக்காட்சித் தொடரைப் பார்க்கலாமா என்று கேட்டவருக்கு: 2016இலும் 2018இலும் இரண்டு பருவங்கள் வந்தன, பிஃப்பின் குரல் அதிலும் உண்டு. குடும்பக் கதை நன்றாக விரிகிறது. ஆனால் படத்தின் வேகம் அதில் இல்லை. முதலில் படம்.

தம்பி, நீங்கள் கடைசியில் எத்தனை வயதில் காட்டலாம் என்று கேட்டிருந்தீர்கள். மகளுக்கு இப்போது ஒன்பது, அவளுக்கு இன்னும் காட்டவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை தாராளமாகப் பார்க்கலாம். ரத்தம் அதிகம் இல்லை, ஆனால் குண்டு வெடிக்கும் இடங்களில் திடுக்கிடும். பார்க்க முன்னால் அந்த்ரேயோத்தி யார், ரீனா யார் என்று ஐந்து நிமிடம் சொல்லிவிடுங்கள். பிள்ளை கேள்வி கேட்டால் படத்தை நிறுத்திப் பதில் சொல்லுங்கள், ஒன்றரை மணிப் படம்தான், அவசரமில்லை. முடிவில் ஆர்தூரோ தன் மகனைத் தூக்கிக்கொண்டு நகரத்தில் ஒவ்வொரு நினைவுக் கல்லாகப் போய், இவர் இன்னார், இங்கே கொன்றார்கள் என்று சொல்லிக் காட்டுகிறான். கெட்டதிலிருந்து பிள்ளையைக் காப்பாற்றுவது ஒரு கடமை, அது கெட்டது என்று அடையாளம் காணப் பழக்குவது இன்னொரு கடமை என்கிறான். நீங்கள் அரை மணியோடு விட்டதால் இந்த இடத்துக்கு வரவே இல்லை. மறுபடி தொடக்கத்திலிருந்து பாருங்கள், முதலில் நீங்கள் தனியாக, பிறகு பிள்ளைகளோடு.